நாட்டுப்புறம் எந்த ஊரு ஆளு?

சாலமன் லிண்டா என்கிற பெயரை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அவருடைய பாட்டைக் கேட்டிருப்போம். பெயர் தெரியாமல் பாட்டு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது எப்படி என்பது தான் இந்தக் கட்டுரை.

நான் அந்தப் பாட்டை முதலில் கேட்டது ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதியில். 1989ஆம் வருஷம். ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்திருப்போம். சீனியர் அண்ணன் ஒருவர் பர்மா பஜாரில் வாங்கிய பழைய டேப்ரெக்கார்டரும் நாலைந்து ஆங்கிலப் பாட்டு கேசட்டும் வைத்திருந்தார். எங்களில் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் ஓடாது. இருந்தாலும் ஒரு பாட்டு மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கீழே ஆண் குரல்கள் அர்த்தம் புரியாத ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு குரல் மலையேறுகிற மாதிரி ஏறிப்போகும். சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக்கொண்டு நாங்களும் கூடச் சேர்ந்து கத்துவோம். வார்டன் வந்து அதட்டினால் நிறுத்துவோம். கேசட் அட்டையில் 'தி டோக்கன்ஸ்' என்று போட்டிருந்தது. பாட்டின் பெயர் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. சிங்கம் இன்றிரவு தூங்குகிறது. சரி, வெள்ளைக்காரன் பாட்டு என்று விட்டுவிட்டோம்.

அது வெள்ளைக்காரன் பாட்டு இல்லை என்று எனக்குத் தெரிய அதற்கப்புறம் பல வருஷம் ஆனது. 2000ஆம் ஆண்டில் ரியான் மலான் என்கிற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் இந்தப் பாட்டின் கதையை நீளமாக எழுதினார். நண்பர் ஒருவர் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். படித்து முடித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, அந்தப் பாட்டை யார் யார் எப்படிப் பாடினார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஒருவர் பாடிப் பதிவு செய்த பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவதை அவர்கள் 'கவர்' என்கிறார்கள். அது ஆங்கிலச் சொல். ஆனால் நம் மொழியிலும் 'கவர்தல்' என்று ஒரு சொல் உண்டு; பறித்துக்கொள்வது என்று அர்த்தம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள். இந்தப் பாட்டின் விஷயத்தில் சம்பந்தம் உண்டு.

*

சாலமன் லிண்டா 1909இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், ம்சிங்கா என்கிற ஜூலு மக்களின் வறண்ட நாட்டில் பிறந்தவர். 1860லிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் வடஆற்காட்டுச் சனங்கள் கப்பலேறிப் போன அதே நேட்டால் தான். லிண்டாவுக்கு நாலு வயதாகும்போது, 1913இல், நிலச் சட்டம் ஒன்று வந்தது. மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையாக இருந்த கறுப்பர்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 விழுக்காடு மட்டும் என்று அது ஒதுக்கியது. மிச்சத்தை அவர்கள் வாங்கக்கூட முடியாது. மாடு மேய்த்த பையன்கள் நகரத்துக்குப் போனார்கள். பாஸ் என்கிற அனுமதிச்சீட்டை மடியில் கட்டிக்கொண்டு தங்கச் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலைபார்த்து, ஆண்கள் மட்டும் தங்கும் விடுதிகளில் அடைந்து கிடந்தார்கள். லிண்டாவும் 1930களின் தொடக்கத்தில் ஜோகன்னஸ்பர்க் போனார்.

அந்த விடுதிகளில் தான் ஒரு சங்கீதம் பிறந்தது. ஊரில் பாடிய கல்யாணப் பாட்டு, மிஷன் பள்ளியில் கற்ற கோவில் பாட்டு, ஊர் ஊராக வந்த அமெரிக்கக் கறுப்புப் பாடகர்களின் பாணி எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, நாலு கட்டைக் குரலில் ஆண்கள் கூட்டாகப் பாடினார்கள். சனிக்கிழமை ராத்திரி போட்டி நடக்கும். விடியவிடியப் பாடுவார்கள். இதன் பிற்காலத்து வடிவத்துக்கு இசிகதாமியா என்று பெயர். அடி அழுத்தாமல் மெதுவாக நடப்பதைக் குறிக்கும் ஜூலுச் சொல்லிலிருந்து வந்தது. அடி அழுத்தாமல் நடப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

லிண்டாவின் குழுவுக்கு 'ஈவ்னிங் பேர்ட்ஸ்' என்று பெயர். அந்திப் பறவைகள். 1939இல் எரிக் காலோ என்கிற வெள்ளை முதலாளியின் இசைத்தட்டுக் கம்பெனியில் அவர்கள் பாடிய பாட்டு தான் 'ம்புபே'. ஜூலு மொழியில் சிங்கம். சிறுவயதில் மாடு மேய்க்கும்போது கன்றுகளைத் தூக்க வந்த சிங்கத்தை விரட்டியடித்த நினைவிலிருந்து பிறந்த பாட்டு என்று சொல்லப்படுகிறது.

இந்த முதல் பதிவைக் கேட்டால் விடுதியில் நாங்கள் தட்டைத் தட்டிக் கத்திய பாட்டா இது என்று சந்தேகம் வரும். பின்னால் கிடாரும் பாஞ்சோவும் பியானோவும் ஏதோ ஒப்புக்கு ஒலிக்கின்றன. தடித்த ஆண் குரல்கள் தரையை மிதிக்கிற மாதிரி ஒரே வரியை மிதித்துக்கொண்டே போகின்றன. இனிமை என்று அதைச் சொல்ல முடியாது. அதில் ஒரு கனம் இருக்கிறது. அதற்குமேல் லிண்டாவின் குரல். ஆண் குரல் தான், ஆனால் பெண்கள் எட்டுகிற உயரத்தில் கத்துகிறது. மாட்டுக்காரன் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக் கூவுகிற கூவல் அது. பாட்டு முடியப்போகிற கடைசி விநாடிகளில் அந்தக் குரல் திடீரென்று ஒரு புது மெட்டைப் பிடிக்கிறது. முன்கூட்டி யோசிக்காமல் அந்த நேரத்தில் வாயில் வந்தது அது என்று மலான் எழுதுகிறார். ஒரு பத்துப் பதினைந்து சுரம் இருக்கும். அவ்வளவு தான். பாட்டு முடிந்துவிடுகிறது. அந்தப் பத்துப் பதினைந்து சுரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் கோடிகள் புரண்டது அதை வைத்துத் தான்.

தட்டு ஆப்பிரிக்காவில் பத்து ஆண்டுகளுக்குள் சுமார் 1,00,000 பிரதிகள் விற்றது. அந்த வகைப் பாட்டுக்கே 'ம்புபே' என்று பெயர் வந்துவிட்டது. லிண்டாவுக்குக் கிடைத்த கூலி சில ஷில்லிங்குகள். 1952இல் வெறும் 10 ஷில்லிங்குக்கு உரிமையைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்ததாகக் காகிதம் இருக்கிறது. அந்தக் கம்பெனியிலேயே தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டும் வேலையும் பார்த்தார். அவர் அடுக்கிய பெட்டிகளில் அவருடைய பாட்டும் இருந்திருக்கும்.

*

தட்டு கடல் தாண்டிப்போன கதை இன்னும் சிக்கலானது. நியூயார்க்கில் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் கையில் ஆப்பிரிக்கத் தட்டுகள் சில கிடைத்தன. அவற்றைத் தன் நண்பர் பீட் சீகரிடம் கொடுத்தார். பீட் சீகர் யாரென்று இயக்கத்துத் தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடதுசாரி. தொழிற்சங்க மேடைகளிலும் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்திலும் பாடியவர். 1955இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் நின்று, என் அரசியலைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று மறுத்தவர். அவருடைய 'வீவர்ஸ்' குழுவைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துப் பிழைப்பைக் கெடுத்தார்கள். அவர் நம் பக்கத்து மனிதர் என்பதை மறக்காமல் தான் மேலே எழுதுகிறேன்.

சீகருக்கு ஜூலு தெரியாது. தட்டைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். சிங்கத்தைக் கூப்பிடுகிற ஜூலுச் சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அதையே பாட்டின் பெயராக வைத்தார்கள். வீவர்ஸ் அதைப் பதிவுசெய்து 1952 வாக்கில் வெளியிட்டது. கோர்டன் ஜென்கின்ஸின் பெரிய வாத்தியக் கோஷ்டி பின்னணியில் முழங்குகிறது. சீகர் உயரக் குரலில் மனம்விட்டுப் பாடுகிறார். அதில் கேலி இல்லை, நிஜமான மரியாதை இருக்கிறது. ஆனால் தரையை மிதித்த அந்தக் கனம் போய்விட்டது. கொண்டாட்டமாக ஆகிவிட்டது. அர்த்தமும் மாறியது. இது தூங்கிக்கொண்டிருக்கும் ஜூலு மன்னன் சாக்காவைப் பற்றிய பழம்பாட்டு என்று சீகர் நம்பினார். தெரியாத சனத்தின் பாட்டு என்றால் அது பழசாகத் தான் இருக்கவேண்டும், ராசா கதையாகத் தான் இருக்கவேண்டும். போன வருஷம் ஒரு பெட்டி கட்டும் தொழிலாளி கட்டியதாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

எழுதியவர் என்ற இடத்தில் யார் பெயர் போட்டார்கள் தெரியுமா? பால் கேம்பல். அப்படி ஒரு மனிதர் உலகத்தில் இல்லை. பழம்பாட்டுகளைத் தங்கள் பெயரில் பதிவுசெய்து பணம் பெற வீவர்ஸ் குழு வைத்துக்கொண்ட பொதுப் புனைபெயர் அது. நாட்டுப்புறப் பாட்டு என்றால் யாருக்கும் சொந்தமில்லை. யாருக்கும் சொந்தமில்லாததை முதலில் பதிவுசெய்கிறவன் சொந்தக்காரன். ஜோகன்னஸ்பர்க்கில் ரத்தமும் சதையுமாகப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த மனிதனுக்குப் பெயர் இல்லை. எங்கேயுமே இல்லாத மனிதனுக்குப் பெயர் இருந்தது.

இது பழம்பாட்டு இல்லை, லிண்டா என்று ஒருவர் கட்டியது என்பது சீக்கிரமே தெரியவந்தது. லிண்டாவுக்குப் பணம் போகவேண்டும் என்று சீகர் தன் பதிப்பாளரிடம் சொன்னார், கொஞ்சம் பணம் அனுப்பவும் பட்டது. ஆனால் மற்றப் பாடலாசிரியர்களுக்குப் போடுகிற மாதிரி முறையான ஒப்பந்தம் போடப்படவில்லை. அதைக் கவனிக்காமல் விட்டது என் பெரிய தவறு என்று பிற்காலத்தில் சீகரே ஒத்துக்கொண்டார். நல்ல மனசு இருந்தது. கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லை. நல்ல மனசுக்காரர்களோடு வேலைசெய்த தலித்துகளுக்கு இது புதுக் கதை அல்ல.

1960இல் மிரியம் மகேபா பாடினார். தென்னாப்பிரிக்கக் கறுப்புப் பெண். அந்த வருஷம் தாயின் சாவுக்குப் போகக் கிளம்பியவருக்கு, பாஸ்போர்ட் செல்லாதென்று சொந்த நாட்டின் கதவு சாத்தப்பட்டது. அமெரிக்காவில் வெளிவந்த தன் முதல் இசைத்தட்டில் இந்தப் பாட்டை அவர் சேர்த்தார். 'விமோவே' என்று இல்லை. 'ம்புபே' என்று அதன் சொந்தப் பெயரில், அதன் சொந்த மொழியில். ஓர் ஆண் பெண்ணின் உயரத்துக்கு ஏறிக் கூவிய இடத்தில் ஒரு பெண் குரல் சாதாரணமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. மெருகேறியிருக்கிறது. அமெரிக்க மேடைக்குத் தகுந்தமாதிரி அளவாக இருக்கிறது. இருந்தாலும் சிங்கம் விழித்துக்கொண்டு தான் இருக்கிறது. எடுத்துப் பாடுவதெல்லாம் திருட்டு என்று நான் சொல்லவில்லை என்பதற்கு மகேபா சாட்சி.

லிண்டாவும் கல்யாணப் பாட்டிலிருந்தும் கோவில் பாட்டிலிருந்தும் எடுத்தவர் தான். சனிக்கிழமைப் போட்டியில் ஒரு குழுவின் மெட்டை இன்னொரு குழு எடுக்கத் தான் செய்திருக்கும். ஆனால் எடுத்தவன் மூஞ்சியை அடுத்த சனிக்கிழமை அதே கூடத்தில் பார்க்கலாம். 'டேய், அது எங்கள் பாட்டு' என்று கேட்கலாம். திருப்பி எடுக்கலாம். சமமானவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் அது. பாஸ் இல்லாமல் தெருவில் நடக்க முடியாதவனிடமிருந்து ஒருவன் கடல் தாண்டி எடுத்துப்போவது கொடுக்கல் வாங்கல் ஆகாது.

*

1961இல் டோக்கன்ஸ் வந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பையன்கள். வீவர்ஸின் தட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். வெறும் சத்தமாக இருக்கிறது, இதற்கு இங்கிலீஷில் வார்த்தை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் ஹ்யூகோ பெரெட்டியும் லூயிஜி கிரியேட்டோரும் ஜார்ஜ் டேவிட் வைஸ் என்ற பாடலாசிரியரைப் பிடித்தார்கள். வைஸ் நல்ல கைவேலைக்காரர். லிண்டா கடைசி விநாடிகளில் வாய்க்கு வந்தபடி பிடித்தாரே, அந்தப் பத்துப் பதினைந்து சுரம், அதில் தான் உயிர் இருக்கிறதென்று கண்டுகொண்டார். கடைசியில் கிடந்ததை முதலில் தூக்கி வைத்து, அதையே முழுப் பாட்டின் மெட்டாக்கி வார்த்தை போட்டார். காடு, அமைதியான கிராமம், தூங்குகிற சிங்கம். சிங்கம் புல்வெளி மிருகம், அடர்ந்த காட்டில் வாழாது என்பதெல்லாம் அவருக்கு முக்கியமில்லை. ஆப்பிரிக்கா என்றால் காடு.

இந்தப் பதிவை இப்போது திரும்பக் கேட்டாலும் எனக்குப் பிடிக்கத் தான் செய்கிறது. பொய் சொல்லி என்ன? ஜே சீகலின் குரலும் அதன்மேல் மிதக்கும் பெண் குரலும் அவ்வளவு அழகு. ஆனால் நாலு பதிவுகளையும் வரிசையாகக் கேட்டவனுக்கு என்ன நடந்திருக்கிறதென்று தெரியும். கன்றுக்குட்டிக்காகச் சிங்கத்தை எதிர்த்து நின்ற பையன் காணாமல் போய்விட்டான். யாரும் யாரையும் எதிர்க்கவில்லை. பயப்படாதே என்று ஒருத்தர் ஒருத்தருக்குத் தாலாட்டுகிறார்கள். 1960 மார்ச்சில் ஷார்ப்வில்லில், பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடிய கறுப்பர்கள் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அடுத்த வருஷம் அமெரிக்கா அந்த நாட்டின் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது. சிங்கம் தூங்குகிறது என்று பாடினால் எல்லோருக்கும் ஆறுதலாகத் தானே இருக்கும்?

1961 டிசம்பரில் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. தட்டில் வைஸ், பெரெட்டி, கிரியேட்டோர் பெயர்கள். கூடவே ஆல்பர்ட் ஸ்டாண்டன் என்று ஒரு பெயர். அதுவும் புனைபெயர் தான். பதிப்பகத்துக் கூட்டாளி ஒருவருடையது. இரண்டாவது தடவையும் ஓர் இல்லாத மனிதனுக்கு இடம் கிடைத்தது. லிண்டாவுக்குக் கிடைக்கவில்லை.

1962இல் லிண்டா சிறுநீரகம் பழுதாகி இறந்தார். வங்கியில் 25 டாலருக்கும் குறைவாக இருந்தது என்று மலான் எழுதுகிறார். கல்லறையில் பெயர் பொறித்த ஒரு கல் வைக்க அவர் மனைவிக்குப் பதினெட்டு வருஷம் ஆனதாம்.

அதன்பிறகு பாட்டு நிற்கவேயில்லை. 1972இல் ராபர்ட் ஜான் பாடி அமெரிக்காவில் மூன்றாமிடம். 1982இல் 'டைட் ஃபிட்' பாடி இங்கிலாந்தில் முதலிடம். 1994இல் டிஸ்னியின் 'தி லயன் கிங்' படத்தில் காட்டுப்பன்றியும் கீரியும் பாடின. ஒவ்வொரு முறையும் மெட்டு இன்னும் கொஞ்சம் மிருதுவாகி, கடைசியில் குழந்தைப் பாட்டாகவே ஆகிப்போனது. இந்தப் பாட்டு மொத்தமாக ஈட்டிய ராயல்டி 1.5 கோடி டாலர் இருக்கும் என்று மலான் கணக்குப் போட்டார். அப்போது லிண்டாவின் மகள்கள் சொவேட்டோவில் ஏழைகளாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான அடிலெய்ட் 2001இல் எய்ட்ஸ் நோயில், மருந்துக்கு வழியில்லாமல் செத்துப்போனார்.

மீதியிருந்த மூன்று மகள்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய காலனியச் சட்டம் என்பது தான் வேடிக்கை. 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு. படைத்தவன் தன் உரிமையை யாருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், அவன் செத்து 25 வருஷம் கழித்து அது வாரிசுகளிடம் திரும்பும். அந்தச் சட்டம் தென்னாப்பிரிக்காவிலும் அமலில் இருந்தது. நம்மூருக்கும் 1914இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமாக வந்தது அதே சட்டம் தான். லிண்டா இறந்தது 1962. அப்படியென்றால் 1987லிருந்தே பாட்டு மகள்களுடையது. ஓவன் டீன் என்கிற வழக்கறிஞர் இதைத் தோண்டியெடுத்து 2004இல் டிஸ்னி மீது வழக்குப் போட்டார். தென்னாப்பிரிக்காவில் டிஸ்னிக்கு இருந்த வணிகச் சின்னங்களைக் கோர்ட் முடக்கிவைத்தது, மிக்கி மவுஸ் உட்பட. பெட்டி கட்டியவரின் மகள்கள் மிக்கி மவுஸை ஜப்தி செய்தார்கள் என்று படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

2006 பிப்ரவரியில் சமரசம் ஆனது. 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்பது 'ம்புபே'யிலிருந்து வந்தது தான், லிண்டா அதன் இணை ஆசிரியர் என்று ஒத்துக்கொண்டார்கள். 1987லிருந்து கணக்குப் பார்த்துப் பணம் தர சம்மதித்தார்கள். தொகை வெளியே சொல்லப்படவில்லை. அதில் மகள்கள் கைக்கு உண்மையில் எவ்வளவு வந்தது என்ற கேள்வியை 2019இல் வந்த ஓர் ஆவணப்படம் மறுபடி எழுப்பியது. ஆக, முடிந்த கதை இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. 67 வருஷம் கழித்துப் பெயர் வந்தது. சட்டம் உதவியதற்குக் காரணம், 1939இல் ஒரு தட்டு இருந்தது, அதைக் கட்டியவர் இன்னார் என்று காட்ட ஆதாரம் இருந்தது. பெயர் இருந்ததால் தான் வழக்கு. பெயரே எழுதப்படவில்லை என்றால்?

*

இங்கே தான் நான் என்னைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

திண்டிவனம் பக்கத்தில் எங்கள் சேரி. என் அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடுவார். பாடுவார் என்பதை விடக் கட்டுவார் என்று சொல்லவேண்டும். ஒரு வருஷம் ஆண்டை வீட்டில் மரக்காலுக்கு அடியில் பலகை வைத்துக் கூலி நெல் அளந்தார்கள். கேட்டால் வேலை போய்விடும். அடுத்த நாள் நடவில் அத்தை ஒரு பாட்டெடுத்தார். இளைத்துப்போன ஒரு மரக்காலைப் பார்த்து, உனக்கு என்ன நோவு, எந்த வைத்தியரிடம் காட்டினாய் என்று நலம் விசாரிக்கும் பாட்டு. வரப்பின் மேல் ஆண்டை நின்றுகொண்டிருக்கிறார். பொம்பளைகள் இருபது பேரும் குனிந்தபடி பின்பாட்டுப் பாடுகிறார்கள். அவர் என்ன சொல்லித் திட்டமுடியும்? அடுத்த வாரம் பலகை போய்விட்டது என்று அம்மா சொல்வார்.

1991, அம்பேத்கர் நூற்றாண்டு. ஊர் ஊராகத் தெருமுனையில் பாடினோம். அத்தையின் அந்த மெட்டை எடுத்து நான் இயக்கப் பாட்டு ஒன்று எழுதினேன். நன்றாகப் பரவியது. பாட்டுப் புத்தகம் போட்டோம், ஆயிரம் பிரதி. அந்தப் பாட்டுக்கு மேலே, 'பாடல்:' என்று என் பெயர். அதன் கீழே, 'மெட்டு: நாட்டுப்புறம்'.

அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. மக்கள் மெட்டு, மண்ணின் மெட்டு என்று மேடையில் சொல்லியிருக்கிறேன். புத்தகத்தை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான் தான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, வெற்றிலையை மென்றபடி நிதானமாகக் கேட்டார்: "ஏன்டா, நாட்டுப்புறம்னா யார்றா அது? எந்த ஊரு ஆளு?"

நான் சிரித்துவிட்டேன். அத்தையும் சிரித்தார். அதோடு போயிற்று. 2003இல் அத்தை காலமானார்.

சில வருஷம் கழித்து நகரத்தில் ஒரு கலைநிகழ்ச்சியில் அதே மெட்டு ஒலித்தது. நல்ல ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, வார்த்தைகள் வேறு. பாரம்பரிய நாட்டுப்புறப் பாடல் என்று அறிவித்தார்கள். மெட்டமைத்தவர் என்று மேடையில் நின்ற ஒருவருக்குச் சால்வை போட்டார்கள். எழுந்து போய்ச் சண்டை போடலாமென்று தான் நினைத்தேன். என்ன சொல்லிச் சண்டை போடுவது? இது என் அத்தை கட்டியது என்று சொன்னால், ஆதாரம் கேட்பார்கள். இருக்கிற ஒரே ஆதாரம் நான் போட்ட புத்தகம். அதில் நானே நாட்டுப்புறம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்து ஷில்லிங்குகூட வாங்காமல் அத்தையின் உரிமையை எழுதிக் கொடுத்தவன் நான். உட்கார்ந்துவிட்டேன்.

மலானின் ஜெராக்ஸ் பக்கங்களில் பீட் சீகர் வருகிற இடம் வந்ததும் எனக்குத் தூக்கம் போனது இதனால் தான். வைஸ் மீது கோபப்படுவது சுலபம். டிஸ்னி மீது கோபப்படுவது அதைவிடச் சுலபம். கண்ணாடியில் தெரிந்தது சீகர். அவருக்காவது ஜூலு தெரியாது, பாடியவரைத் தெரியாது. எனக்கு அத்தையைத் தெரியும். அவர் கையால் கஞ்சி குடித்திருக்கிறேன்.

நாட்டுப்புறவியல் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். பாடியவர் உள்ளே எங்காவது 'தகவலாளர்' என்று இருப்பார். பல புத்தகங்களில் அதுகூட இருக்காது. பெயரோடு போட்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்டியவர் என்று போட்டவர்கள் எத்தனை பேர்? மேலே இருப்பவன் பாட்டுக் கட்டினால் அவன் கவிஞன். கீழே இருப்பவள் கட்டினால் அது மரபு, வாய்மொழி, மண்வாசனை. மரபு என்கிற சொல் ஒரு பெரிய மரியாதை மாதிரித் தெரியும். அதற்குள் தான் நம் ஆட்களைப் புதைக்கிறார்கள். அதே சொல்லை நாமும் நம் புத்தகங்களில், நம் கேசட்டுகளில், பெருமையாகப் போட்டுக்கொண்டோம். கூட்டுப் படைப்பு என்பது உண்மையாகவே உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் முதல் அடியை எடுத்தவளுக்கு ஒரு முகம் உண்டு.

2019இல் 'தி லயன் கிங்' தமிழ் பேசிக்கொண்டு மறுபடி வந்தபோது அண்ணன் பேத்தியோடு போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாட்டு யார் பாட்டு என்று அவளுக்குச் சொன்னேன். லிண்டாவின் 1939 பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இந்தத் தாத்தா ஏன் கத்துறாரு?" என்றாள். சிங்கம் வருது, அதான் என்றேன். அன்றைக்கே பழைய பாட்டுப் புத்தகத்தையும் தேடி எடுத்தேன்.

அத்தையின் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. வேண்டுமென்றே தான். என் கட்டுரைக்கு நடுவில் அவர் பெயரைப் போட்டு நான் நல்லவனாகத் தேவையில்லை. அது இருக்கவேண்டிய இடம் அந்தப் பாட்டின் தலைமேல். புத்தகத்தை மறுபடி அச்சடிக்கிறோம். இருபத்து மூன்று பாட்டில் பதினொன்றுக்கு 'நாட்டுப்புறம்' என்று போட்டிருக்கிறோம். அந்தப் பதினொன்றையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், இது யார் கட்டியது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை நாலு பெயர் கிடைத்திருக்கிறது. அதில் மூன்று பேர் பெண்கள். ஒருவர் உயிரோடு இருக்கிறார். நாங்கள் போனபோது களத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும், "இத்தினி வருஷம் கழிச்சு இப்ப தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, முழுப் பாட்டையும் பாடிக் காட்டினார். நாங்கள் அச்சடித்ததில் மூன்று அடி விட்டுப்போயிருந்தது.

பழைய பதிப்பு உங்களில் சிலரிடம் இருக்கும். மற்ற ஏழு பாட்டுகளில் எதையாவது கட்டியவர் உங்கள் ஊர்க்காரராக இருந்தால், இதழுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.